பதினேழாவது படி

கால்ல இடிக்குதுங்களா? இருங்க, பையை இந்தப்பக்கம் நவுத்திக்கறேன். உள்ளார என்னமோ ஏதோன்னு மெரளாதீங்க தம்பி. கொத்துக்கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு, ஒரு உளி, ஒரு சுத்தி. அவ்வளவுதான். கண்டக்டரு ஏறுனதுல இருந்து இதையே பாத்துக்கிட்டிருக்காரு, லக்கேஜ் போடலாமா வேண்டாமான்னு. போடட்டும். எனக்கு இப்ப நேரஞ் சரியில்லை. அதுல அவரு பங்கையும் வாங்கிக்கட்டும்.

நான் ஆருன்னு நீங்க கேக்கலை. கேக்காட்டியும் சொல்றது மரியாதை. இந்தாங்க கார்டு. ‘மேஸ்திரி சி. சென்னியப்பன், அரசு பதிவு பெற்ற வீடு கட்டும் ஒப்பந்ததாரர்’னு அச்சுல இருக்குதுங்களா? அதுக்கு மேல பேனாவுல ‘விரைவில்’னு எழுதியிருக்கறது நானுங்க. பதிவு கெடைக்கறதுக்கு முன்னாலயே எதுக்குக் கார்டு அடிச்சீங்கன்னு கேப்பீங்க. அச்சாபீஸ்காரன் ஆயிரம் அடிச்சா அனுகூலம்னு ஆசை காட்டுனான். நாந்தான் சுதாரிச்சு ஐநூறோட நிறுத்துனேன். அந்தளவுக்கு முன்யோசனை உள்ள ஆளு.

எல்லாங் கூடப்பொறந்தவளால வந்ததுங்க. என்ற தங்கச்சி துளசிமணி. ரெண்டு வார்த்தை. ரெண்டே வார்த்தையில என்ற லைசென்சைக் கெடுத்துப்போட்டா. அந்த மகராசி ஊட்டுக்குத்தான் இப்பப் போறேன், செங்காட்டுப்புதூருக்கு. நீங்க எங்கெ எறங்கோணும்? பெரியபாலமா? அது எனக்கு முன்னால ஸ்டாப்பு. இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். சொல்லிர்றேன், கேட்டுட்டு நீங்களே நாயஞ் சொல்லுங்க.

முப்பது வருசமா ஊடு கட்டறேன். நாப்பத்தியொரு ஊடு. எவனும் எங்கிட்ட லைசென்ஸ் கேட்டதில்லை. கல்லுக்கு மேல கல்லு நிக்குதா, நிக்குது. கதவு சாத்துதா, சாத்துது, கொஞ்சம் தம் புடிச்சுத் தள்ளுனா. இதுக்கு மேல என்ன வேணும்? இப்பப் புதுசாக் கெளப்பிட்டாங்க, ப்ளான் பாஸ் ஆகோணும்னா பதிவு பண்ணுன ஆளு கையெழுத்து வேணும்னு. சரி, சட்டம்னா சட்டந்தான். நானுஞ் சும்மா இருந்திருப்பேன். இந்தக் குழந்தைவேலு பேனரு வெக்காம இருந்திருந்தா.

குழந்தைவேலு ஆருன்னா, எங்கிட்டக் கலவை போட்டவன். செங்கல்லை எந்தப்பக்கந் திருப்பி வெக்கறதுன்னு நாஞ் சொல்லிக் குடுத்தேன். அவன் போன ஆடியில லைசென்ஸ் வாங்கிப்போட்டான். வாங்குனவன் வாங்குனாப்பல இருக்கலாமில்லீங்க? ரவுண்டானாவுல பன்னெண்டடிக்குப் பேனரு. அதுல செல்போனுல பேசறாப்பல போஸு. ஆருகிட்டப் பேசறான்? ஒரு காலத்துல அவன் பேசுனதே, ‘அண்ணா, நாளைக்கு வேலை இருக்குதுங்ளா’ன்னு எங்கிட்டத்தான்.

இதுக்கு நடுவுல டவுன்ல ஒரு பல்லு டாக்டரு. மேலயுங் கீழயுமா ரெண்டு ஊடு கட்டோணும்னாரு. ‘மேஸ்திரி, தை பொறக்கறதுக்குள்ளார பதிவு நம்பரைக் கொண்டாங்க, வேலை உங்களுக்குத்தான். இல்லாட்டி குழந்தைவேலுக்குக் குடுத்துருவேன்’னு நேராச் சொல்லிப்போட்டாரு. குடுத்தா என்ன ஆகும் பாருங்க. குழந்தைவேலு ஆளுக்கு எங்கெ போவான்? எங்கிட்டத்தான் வருவான். ‘அண்ணா, நாள்கூலிக்கு வாரீங்ளா’ம்பான். அம்பத்தெட்டு வயசுல, எனக்குக் கலவை போட்டவனுக்கு நாங் கலவை போடறது. அதை நெனைச்சாலே எனக்குச் சோறு எறங்கலீங்க. அதனால லைசென்ஸ் எடுத்தே ஆகறதுன்னு ஆபீசுக்குப் போனேன்.

ஆபீசுல ஒரு லிஸ்டு குடுத்தாங்க. ஆதாரு, போட்டோ, அனுபவச் சான்று, அது இதுன்னு. எல்லாத்துக்குந் தலையாட்டிக்கிட்டே வந்தேன். ஏழாவது நம்பருல நின்னுபோச்சு. ‘கட்டி முடித்த மூன்று வீடுகளின் உரிமையாளர்களிடமிருந்து பணியின் தரம் குறித்துக் கடிதம் பெற்று இணைக்க வேண்டும். அவற்றுள் ஒன்று நேரில் ஆய்வு செய்யப்படும்.’ படிச்சதும் லிஸ்டை நாலா மடிச்சுச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

பயமான்னு கேக்கறீங்களா? எனக்கென்ன பயம்! வழக்கமுங்க. எங்க தொழில் வழக்கம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. கிரகப்பிரவேசத்துக்கு மொத நாளு தச்சுக் கழிப்போம். ஊட்டுக்காரங்க அத்தனை பேரும் வெளிய போயிரோணும். கொத்தனும் ஆசாரியும் மட்டும் உள்ளார. சேவல் அறுத்து, பூசணிக்காய் ஒடச்சு, கட்டறப்ப வந்த தோசம், பட்ட கண்ணு, பேசுன பேச்சு எல்லாத்தையுங் கழிச்சுப்போட்டு, வாசப்படி தாண்டி வெளிய வந்துருவோம். வந்தா வந்ததுதான். கட்டுனவன் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தான்னா கழிச்சதெல்லாம் மறுபடி உள்ளார போயிரும்.

மத்த கொத்தனுங்க அந்த ஒரு நாளைக்குத் திரும்பாம நடந்தாப் போதும்னு நெனைக்கறானுங்க. நான் அப்பிடி அரைகுறை ஆளில்லீங்க. ஆயுசுக்குந் திரும்பிப் பாக்க மாட்டேன். நாப்பத்தியொரு ஊட்டுல ஒண்ணைக்கூடத் திரும்பிப் பாத்ததில்லை. போன் பண்ணுவாங்க. ‘மேஸ்திரி, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க’ன்னு கெஞ்சுவாங்க. வைவாங்க. என்ன வைஞ்சாலும் வழக்கத்தை மீற முடியுமுங்களா? கடைசி வரைக்கும் நாணயமா இருந்தேன். அப்பேர்ப்பட்டவனை இந்த ஏழாம் நம்பரு, ஊடு ஊடாத் திரும்ப நடக்க உட்டுருச்சு.

மொதல்ல மாரப்பன். உங்களைப் போல பெரியபாலத்துக்காரருதான், ரிட்டையர்டு கண்டக்டரு. ஊடு கட்டிப் பதினொரு வருசம் ஆச்சு. என்னைப் பாத்ததும் வாயெல்லாம் பல்லு. ‘வாங்க மேஸ்திரி, வாங்க. மொதல்ல ஒரு குளியல் போடுங்க, அப்பறம் பேசலாம்’னாரு.

‘இல்லீங்க, காத்தாலயே குளிச்சுட்டுத்தான் வந்தனுங்க.’

‘பரவால்லீங்க. நம்மூட்டுல இன்னொருக்காக் குளிங்க.’

கையில துண்டைக் குடுத்துப் பாத்ரூமுல தள்ளிக் கதவைச் சாத்திட்டாரு. நானும் இவ்வளவு உபசரிக்கறாரேன்னு ரெண்டு சொம்பு ஊத்திட்டு வெளிய வந்தா, மாரப்பனும் அவரு சம்சாரமும் சோபாவுல காலை மேல தூக்கி வெச்சுக்கிட்டு டிவி பாக்கறாங்க. ஹாலு பூராத் தண்ணி. என்ற செருப்பு ரெண்டும் சாமி ரூமைப் பாத்து மெதந்து போயிட்டிருக்குது.

‘பாத்ரூமுத் தரை வாட்டம் எந்தப்பக்கம் இருக்குது, பாத்தீங்களா?’ன்னாரு.

‘நல்லதுதானுங்க, தெனமும் ஊடு கழுவற வேலை மிச்சம்’னேன்.

நான் நீட்டுன கடுதாசியை வாங்குனாரு. அப்பறம் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாரு. ‘உங்களுக்கு லைசென்ஸ் கெடைச்சே ஆகோணும் மேஸ்திரி. அப்பத்தான் கேஸ் போடறதுக்கு எனக்கு ஒரு நம்பரு கெடைக்கும்’னாரு. தமாசான மனுசன்.

ரெண்டாவது சாந்தாமணி டீச்சரு. அந்தம்மா ஹால்ல நாலு மூலைக்கு நாலு பக்கெட்டு வெச்சிருந்தாங்க. சொட்டு சொட்டுன்னு உழுகுது. மார்கழி மாசம், வெளிய வெயிலு பொளக்குது. ‘ஏது டீச்சர் மழை?’ன்னேன். ‘இது ஐப்பசி மழைங்க மேஸ்திரி. இப்பத்தான் வந்து சேருது’ன்னாங்க. என்ற காங்கிரீட்டு எவ்வளவு கெட்டி, பாத்தீங்களா? தண்ணி ரெண்டு மாசம் போராடித்தான் உள்ளார வரோணும்.

டீச்சரு கடுதாசி கேட்டதும் மறுக்கலை. அழகா எழுதிக் குடுத்தாங்க. எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. ‘சென்னியப்பன் என்பவர் எங்கள் வீட்டைக் கட்டினார் என்பது உண்மை. இதை நாங்கள் யாரிடமும் மறைத்ததில்லை. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லி வருகிறோம்.’ பஸ் ஸ்டாப்புல நின்னு படிக்கறப்பக் கண்ணு கலங்கிப்போச்சுங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்.

மூணாவதுக்கு எதுக்கு வெளிய போறது? நம்ம துளசி ஊடு இருக்குதே. என்னைய விட எட்டு வயசு சின்னவ. ஒரே தங்கச்சி. அவ ஊட்டை நான் ஒம்பது வருசத்துக்கு முன்னால கட்டுனேன். மத்த ஊடெல்லாம் வேலைக்குக் கட்டுனது, இது ஆசைக்குக் கட்டுனது. ஒவ்வொண்ணையும் பாத்துப் பாத்துக் கட்டுனேன். அதுல படி இருக்குது பாருங்க, வெளிய இருந்து மொட்டை மாடிக்குப் போற படி. அதை மட்டும் எந்தக் கொத்தனையும் தொட உடாம என்ற கையால கட்டுனேன்.

படிக்கு ஒரு கணக்கு இருக்குது, தெரியுமுங்களா? மொதப் படி லாபம், ரெண்டாவது நட்டம், மூணாவது லாபம். இப்பிடியே எண்ணிக்கிட்டுப் போனா கடைசிப் படி லாபத்துல முடியோணும். துளசி ஊட்டுக்குக் கீழ்த்தரையில இருந்து மொட்டை மாடித் தளம் வரைக்கும் பத்தடி ஒரு அங்குலம். படிக்கு ஏழு அங்குலம்னு பதினேழு படி எடுத்தேன். லாபம். ஆனாக்க ரெண்டு அங்குலம் மிஞ்சிப்போச்சு. அதுக்குன்னு இன்னொரு படி வெச்சா பதினெட்டு. நட்டம். என்ற தங்கச்சி ஊடு நட்டத்துல முடியறதாவது! உடுவனா? அந்த ரெண்டு அங்குலத்தையுங் கடைசிப் படி மேலயே போட்டுட்டேன். பதினாறு படி ஏழு அங்குலம், பதினேழாவது மட்டும் ஒம்பது. ஆருக்குத் தெரியப் போகுது? அன்னிக்கு ராத்திரி எவ்வளவு நிம்மதியாத் தூங்குனேன் தெரியுமுங்களா.

தச்சுக் கழிச்சதுக்கப்பறம் நான் அந்தப் படியில கால் வெக்கலை. தங்கச்சி ஊடாச்சே, போகாம இருக்க முடியாது. போவேன். வாசல்ல பிளாஸ்டிக் சேரைப் போட்டுக் காப்பி குடிச்சுட்டு வந்துருவேன். மேல ஏற மாட்டேன். வழக்கம்.

நாலு வருசத்துக்கு முன்னால அவ மாடியில இருந்து உழுந்துட்டா. காஞ்ச மொளகாயை அள்ளிக்கிட்டு எறங்கறப்ப. தொடை எலும்புல பிளேட் வெச்சாங்க. இன்னமும் ஒரு பக்கமாச் சாஞ்சுதான் நடப்பா. நான் தகவல் தெரிஞ்சு ஓடுனேன். படி பூரா மொளகா. கூடை பதினேழாவது படியில கவுந்து கெடக்குது. கீழ நின்னுக்கிட்டே கைக்கு எட்டுன மட்டும் மொளகாயைப் பொறுக்கி வெச்சேன். மேல ஏறலை. அப்பறம் ஆசுபத்திரிக்குப் போயி, ரெண்டு கிலோ ஆப்பிளை வெச்சுப்போட்டு, நல்லாச் சத்தம் போட்டேன். ‘ஏம்புள்ள, பாத்து எறங்கத் தெரியாதா உனக்கு? கண்ணை எங்கெ வெச்சுக்கிட்டு நடக்கறே?’ அவ சொன்னா, ‘ஆமாங்ணா. நாந்தான் பாக்கலை.’ தப்பை ஒத்துக்கிட்டா. அதோட நான் உட்டுட்டேன்.

ஆனா அதுக்கப்பறம் அவளுக்கு ஒரு பழக்கம் வந்துருச்சுங்க. ஆரு மாடிக்கு ஏறுனாலும் கீழ இருந்து கத்துவா. ‘கடைசிப் படி! கடைசிப் படி!’ கேபிள்காரன் ஏறுனாக் ‘கடைசிப் படி.’ மருமக துணி காயப் போடப் போனாக் ‘கடைசிப் படி.’ டேங்க் கழுவ வந்தவன், பூனை புடிக்க வந்தவன், ஆரா இருந்தாலும். அடுப்படியில தாளிச்சுக்கிட்டிருந்தாலும் படியில செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், கரண்டியோட ஓடி வந்துருவா. நாங் காப்பி குடிக்கற அரை மணி நேரத்துல நாலு தடவை கேப்பேன். கடுப்பா இருக்கும். பொம்பளைங்களுக்கு வயசானா இப்பிடி ஒண்ணு ஒட்டிக்கும்னு நெனைச்சுக்குவேன்.

கடுதாசி கேட்டதும் உடனே எழுதிக் குடுத்தா. ‘குறைகள் ஏதும் இருப்பின்’னு ஒரு எடம் இருந்துச்சு. அதுல ‘இல்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா. மூணு ஊட்டுல எதைப் பாக்கறதுன்னு ஆபீசுல கேட்டாங்க. மாரப்பன் ஊட்டைக் காட்டுனா அவரு ஆபீசரையும் குளிக்கச் சொல்லுவாரு. துளசி ஊட்டையே சொன்னேன். கேட்டுக்குப் புதுசாப் பெயிண்டு அடிச்சேன். மொத நாளே போயிப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ‘துளசி, நாளைக்கு ஆபீசரு வாராங்க. அந்தக் கடைசிப் படிப் பாட்டை மட்டும் பாடாதே. படிச்சவங்க முன்னால பட்டிக்காட்டுத்தனமா இருக்கும். ஒரு நாளைக்கு வாயை மூடிக்கோ. என்ற பொழப்பே உன்ற வாயிலதான் இருக்குது.’

‘சரிங்ணா’ன்னா.

வந்தது ஒரு சின்னப் பொண்ணு. ரம்யபாரதின்னு பேரு, இஞ்சினியரு. முப்பது வயசு இருக்காது. கையில பெரிய சைசு செல்போனாட்டம் ஒண்ணு, அதுலயே எழுதறது, அதுலயே போட்டோ புடிக்கறது. ஹாலைப் பாத்துச்சு, அடுப்படியைப் பாத்துச்சு, செவுத்தைத் தட்டிப் பாத்துச்சு. ‘பரவால்லையே, நல்லா இருக்கு’ன்னுச்சு. எனக்கு அப்பவே ரவுண்டானா கண்ணுல தெரிஞ்சுது. என்ற பேனருக்குப் போன் வேண்டாம், சும்மாக் கையைக் கட்டி நின்னாப் போதும்னு முடிவே பண்ணிட்டேன்.

‘மாடி பாக்கலாமா?’ன்னுச்சு. ஏற ஆரம்பிச்சுது. கண்ணு செல்போன்ல, காலு படியில. துளசி எம்பக்கத்துல நிக்கறா. முந்தானையை எடுத்து வாயில வெச்சு அமுத்திக்கிட்டா. நான் மனசுக்குள்ளார எண்ணறேன். லாபம், நட்டம், லாபம், நட்டம். பன்னெண்டு. பதிமூணு. தம்பி, முப்பது வருசத்துல ஒரு படியை நான் அப்பிடி எண்ணுனதே இல்லீங்க. பதினஞ்சு, லாபம். பதினாறு, நட்டம். பதினேழுக்குக் காலைத் தூக்குது...

‘அம்மிணீ! கடைசிப் படி!’

ஊரே திரும்பிப் பாக்கறாப்பலக் கத்திப்போட்டா. அந்தப் பொண்ணு ஒத்தைக் காலு அந்தரத்துல இருக்க அப்பிடியே நின்னுபோச்சு. கீழ குனிஞ்சு பாத்துச்சு. செல்போனை இடுக்கிக்கிட்டு டேப்பை எடுத்துச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்னு.

மொதப் படியில இருந்து ஒண்ணொண்ணா அளந்துச்சு. ஏழு, ஏழு, ஏழுன்னு பதினாறு ஏழு. அப்பறம் ஒம்பது. ‘எதுக்குங்க இது மட்டும் ஒம்பது?’ன்னு கேட்டுச்சு. நான் லாபம் நட்டத்தை வெளக்கமாச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுக்கிச்சு. கேட்டுட்டு, ‘பதினேழு படிதான் வேணும்னா, அந்த ரெண்டு அங்குலத்தை எல்லாப் படிக்கும் பிரிச்சுக் குடுத்திருக்கலாமேங்க’ன்னுச்சு.

நீங்களே சொல்லுங்க, இது ஒரு பேச்சா? ரெண்டு அங்குலம்னா பதினாறு நூலு. கடைசிப் படியை உட்டுப்போட்டா பதினாறு படி. படிக்கு ஒரு நூலு. பேனா நுனி கனங்கூட இல்லை. அதைக் குடுத்திருந்தாப் பதினேழும் கிட்டத்தட்ட ஒரே ஒசரம், லாபத்துலயே முடிஞ்சிருக்கும். முப்பது வருசத் தொழில்ல எனக்குத் தோணாதது, மாடிப்படியில ஒத்தைக் காலுல நிக்கறப்ப அந்தப் பொண்ணுக்குத் தோணுது. படிப்புங்க. எல்லாம் படிப்புத்தான். மூளைன்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

கீழ எறங்கி வந்து துளசியைக் கேட்டுச்சு. ‘ஏம்மா, ஒம்பது வருசமா இருக்கீங்க. கட்டுனவர்கிட்டச் சொல்லலீங்களா?’

‘சொல்லக் கூடாதுங்க. கட்டுனவிங்க திரும்பிப் பாக்கக் கூடாதுங்கறது அவிங்க வழக்கம். அண்ணன் எனக்காகத்தானுங்க லாபத்துல முடிச்சுது.’

அந்தப் பொண்ணு அவ நடையைப் பாத்துச்சு. ‘காலு என்னாச்சுங்கம்மா? இந்தப் படியிலயா?’

துளசி என்ற மூஞ்சியை ஒருக்காப் பாத்தா. ‘இல்லீங்க அம்மிணி. அது பாத்ரூமுல வழுக்கி உழுந்ததுங்க.’

கேட்டீங்களா? பொய்யி! ஆபீசரு முன்னால நாக்கூசாமப் பொய்யி சொல்றா. மொளகாயைப் பொறுக்குன கை என்ற கை. கூடை கெடந்த எடத்தைப் பாத்த கண்ணு என்ற கண்ணு. ஆரோ ஊரு பேரு தெரியாத பொண்ணு காலுக்கு வாயைத் தொறந்தவ, தன்ற காலுக்கு மூடிக்கிட்டா. ரெண்டுல ஒண்ணை ஒழுங்காச் செஞ்சாத்தான் என்ன? மூடறதுன்னா மொதல்லயே மூடியிருக்கோணும். தொறக்கறதுன்னா முழுசாத் தொறந்திருக்கோணும். இவ பண்ணுன காரியத்துக்கு நான் எந்தப்பக்கம் நின்னு கோவப்படறதுன்னே தெரியலை.

‘முப்பது நாள்ல படியைச் சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, மறுபடி வந்து பாக்கறேன்’னு எழுதிப்போட்டு அந்தப் பொண்ணு போயிருச்சு. நான் கேட்டை அடைச்சுப்போட்டுப் புடிச்சுக்கிட்டேன் துளசியை. ‘ஒரு நாளு. ஒரே ஒரு நாளு வாயை மூட முடியலையா உன்னால? குழந்தைவேலுகிட்டக் கூலிக்குப் போறேன், போதுமா? உனக்குச் சந்தோசமா?’

அவ அழுகலை. நிதானமாச் சொன்னா. ‘மூடிக்கலாம்னுதாங்ணா நெனைச்சேன். அந்தப் புள்ளைக்கு இன்னுங் கண்ணாலங்கூட ஆகலை. காலு போச்சுன்னா என்ன பண்ணும்?’

‘அப்ப உன்ற காலைப் பத்தி அவகிட்ட ஏன் சொல்லலை?’

‘எனக்குத்தான் ஆயிப்போச்சே’ன்னுட்டுக் காப்பி வெக்கப் போயிட்டா.

நான் படிக்கிட்டப் போனேன். வழக்கமாவது ஒண்ணாவதுன்னு படியில காலை வெச்சேன். ஒம்பது வருசங் கழிச்சு. எண்ணிக்கிட்டே ஏறுனேன். ஒம்பது அங்குலம்னு தெரியும். நாங் கட்டுனது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால அளந்தும் பாத்தாச்சு. அத்தனையுந் தெரிஞ்சும் பதினேழாவதுல கட்டைவெரலு போயி நச்சுன்னு இடிச்சுது தம்பி. நெகம் பேந்துபோச்சு. உள்ளார இருந்து அவ கொரலு, ‘அண்ணா! கடைசிப் படி!’ன்னு. காப்பிச் சட்டியை உட்டுப்போட்டு ஓடி வாரா, அந்தக் காலை இழுத்துக்கிட்டு.

அந்தப் படியிலயே உக்காந்துட்டேன். அழுதுட்டேனுங்க. நெகம் பேந்தா வலிக்காதா என்ன.

அதுதான் இந்தப் பை. மொதப் படிக்கு ஒரு நூலு ஏத்தோணும், ரெண்டாவதுக்கு ரெண்டு நூலு, அப்பிடியே போயிப் பதினாறாவதுக்குப் பதினாறு நூலு. அப்பக் கடைசிப் படி தானாச் சரியாப்போயிரும். அதை மட்டுந் தொட்டு வேலைக்கு ஆகாது, கீழ இருந்து அத்தனை படியையுங் கொத்திப் பூசோணும். பத்து நாளு புடிக்கும். ‘நாங்க வாரமுங்க’ன்னு ஆளுக சொன்னானுக. வேண்டாம்னுட்டேன். லைசென்சுக்காகத்தான் போறேன், வேறெதுக்குமில்லை. நீங்க வேற மாதிரி நெனைச்சுக்காதீங்க.

பல்லு டாக்டரு ஊடா? அது முந்தாநேத்தே குழந்தைவேலுக்குப் போயிருச்சுங்க. தை பொறந்து ஆறு நாளாச்சே. எதிர்பாத்தாப்பலவே போன் பண்ணுனான். ‘அண்ணா, வேலைக்கு வாரீங்ளா’ன்னான். ‘பத்து நாளைக்கு எனக்குப் படி வேலை இருக்குது, முடிச்சுட்டுச் சொல்றேன்’னேன். ‘ஆரு ஊட்டுலண்ணா?’ன்னான். ‘ஒரு பார்ட்டி’ன்னேன். அவனுக்கு எல்லாத்தையுஞ் சொல்லோணும்னு என்ன இருக்குது.

இதுல கூத்து என்னன்னா, நான் பழைய ஊட்டுக்குத் திரும்பிப் போயி வேலை செய்யறேன்னு அந்த டீச்சரம்மாவுக்கு எப்பிடியோ தெரிஞ்சுபோச்சு. அவங்கதான் கேட்டவங்களுக்கும் கேக்காதவங்களுக்கும் சொல்லறவங்களாச்சே. நேத்துல இருந்து போன் ஓயலை. மாரப்பன் மட்டும் மூணு தடவை. ‘மேஸ்திரி, துண்டு எடுத்து வெக்கட்டுமா’ங்கறாரு. முப்பது வருசமாக் காப்பாத்துன வழக்கம், ஒரு பொம்பளை ரெண்டு வார்த்தையில நாறிப்போச்சு பாத்தீங்களா.

அதா பாலம் தெரியுது. உங்க ஸ்டாப்பு வந்துருச்சு. கார்டு பத்திரம். ஊடு கட்டற ரோசனை இருந்தாக் கூப்புடுங்க. பையைத் தாண்டி வாங்க, நாங் காலை மடக்கிக்கறேன். மொதல்ல பஸ்ஸு நிக்கட்டும். அந்தக் கம்பியை நல்லாப் புடிச்சுக்கங்க... தம்பி! தம்பி! பாத்து எறங்குங்க, கடைசிப் படி ஒசரமா இருக்குது!

எந்தப் படுபாவி கட்டுன பஸ்ஸோ இது. கட்டுனவன் ஒருக்காவாச்சும் திரும்பிப் பாத்திருக்க வேண்டாமா?